எந்த டிஸ்கில் போட்டு வைப்பது?

நூறு வருஷம் தாங்குகிற ஹார்டு டிஸ்க் எது என்று கேட்கிறீர்கள். அப்படி ஒன்று கடையில் இல்லை. டீ குடித்துக்கொண்டே கேளுங்கள், ஏன் இல்லை என்பதிலிருந்தே தொடங்கலாம். அப்பா பாடிய கேசட்டுகள், தாத்தாவின் நோட்டுகளை ஸ்கேன் செய்த படங்கள், வீட்டுக் கல்யாண வீடியோக்கள், நீங்கள் நடத்திய சிற்றிதழின் டிடிபி கோப்புகள், இவையெல்லாம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் திறக்க வேண்டும் என்பதுதானே ஆசை? நியாயமான ஆசை, நடக்கக்கூடியதும்கூட. ஆனால் ஒரு பொருளை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினால் அது நடக்காது.

இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். 1086இல் வில்லியம் மன்னர் தன் நாட்டு நிலபுலன்களையும் ஆடுமாடுகளையும் கணக்கெடுத்துத் தோல் ஏடுகளில் எழுதி வைக்கச் செய்தார். டூம்ஸ்டே புத்தகம் என்று அதற்குப் பெயர். அதன் 900ஆம் ஆண்டை ஒட்டி 1986இல் பிபிசி புதிய டூம்ஸ்டே ஒன்றை உருவாக்கியது. பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பத்து லட்சம் பேர் தங்கள் ஊரைப் பற்றி எழுதியும் படமெடுத்தும் அனுப்பினார்கள். எல்லாம் இரண்டு லேசர் டிஸ்குகளில் ஏறின. அவற்றைப் படிக்க அதற்கென்றே செய்த பிலிப்ஸ் பிளேயரும், அதோடு சேர்ந்த பிபிசி மாஸ்டர் கணினியும் வேண்டும். பதினைந்து வருஷம் கழித்துப் பார்த்தால் டிஸ்குகள் இருந்தன, அவற்றை ஓட்டும் பெட்டிகள்தான் அருகிப் போயிருந்தன. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வுக் குழு ஒன்று அந்தப் பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு மென்பொருளை எழுதி, 2002இல் அதைத் திறந்து காட்டியது. 2011இல் பிபிசி அதில் ஒரு பகுதியை இணையத்தில் ஏற்றியது. 2018இல் அந்தத் தளமும் மூடப்பட்டது. நல்லவேளையாக அதன் நகல் பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1086இன் தோல் புத்தகமும் அதே காப்பகத்தில், லண்டனின் கியூ பகுதியில், இன்றும் படிக்கும்படி இருக்கிறது.

இதைக் கேட்டதும் தோலும் காகிதமும்தான் நிலைக்கும், கணினி நிலைக்காது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த டிஸ்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். வழக்கொழிந்தது அதைப் படிக்கும் கருவி. பொருள் கெடுவது ஒரு வகை ஆபத்து, கருவி மறைவது இன்னொரு வகை. கோப்பைத் திறக்கும் மென்பொருள் இல்லாமல் போவது மூன்றாவது. எல்லாம் சரியாகத் திறந்தும் அது யாருடைய படம், எந்த ஊர் என்று சொல்ல ஆளில்லாமல் போவது நாலாவது. கடைக்காரர் ‘நூறு வருஷம்’ என்று சொல்வது முதல் ஆபத்தைப் பற்றி மட்டும்தான். அதனால் ஒரு டிஸ்கைப் பற்றி நான் கேட்கும் கேள்வியே வேறு. இது எத்தனை வருஷம் வரும் என்று கேட்பதில்லை. இது போகும்போது இதிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு சுலபமாக மாறலாம் என்று கேட்கிறேன். மீதி எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்துதான் வருகின்றன.

சிடியிலிருந்து பார்ப்போம், உங்கள் வீட்டிலும் ஒரு கட்டு இருக்கும். கடையில் வாங்கும் பாட்டு சிடியில் தகவல் பிளாஸ்டிக்கிலேயே குழிகளாக அச்சாகியிருக்கிறது. நாம் வீட்டில் பதிவு செய்த சிடியில் குழி கிடையாது. உள்ளே ஒரு சாயப் பூச்சு இருக்கும், லேசர் பட்ட இடத்தில் அதன் தன்மை மாறும். வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தை மெல்ல மெல்லக் கெடுக்கின்றன. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. சிடியின் பளபளப்பான அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்திப் பிடிக்கிறோம். அந்தப் பக்கம் தடித்த பிளாஸ்டிக், சிறு கீறலைத் தாங்கிவிடும். தகவல் இருப்பதோ பெயர் எழுதும் மேல்பக்கத்துக்கு மிக அருகில், மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில். அங்கே பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலும், ஸ்டிக்கர் ஒட்டி உரித்தாலும் போயிற்று. டிவிடியில் தகவல் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவில் இருப்பதால் இந்த விஷயத்தில் அது மேல். சாயமே இல்லாத எம்-டிஸ்க் என்று ஒன்று வந்தது, ஆயிரம் வருஷம் என்று விளம்பரம் செய்தார்கள். அந்தப் பூச்சு உறுதியானதுதான். ஆனால் இன்று விற்கும் மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் டிஸ்க் போடும் இடமே இல்லை. வீட்டில் எழுதக்கூடிய ப்ளூ-ரே டிஸ்கைச் செய்துவந்த சோனி 2025 பிப்ரவரியோடு உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. ஆயிரம் வருஷம் வரும் டிஸ்குக்கு இன்னும் இருபது வருஷம் கழித்து எங்கே போய் டிரைவ் தேடுவது? கையில் உள்ள சிடி, டிவிடிகளில் இருப்பதை இப்போதே வெளியே எடுத்துவிடுங்கள்.

பென் டிரைவையும் மெமரி கார்டையும் எஸ்எஸ்டியையும் ஒரே வரிசையில் வைக்கலாம். இவற்றில் தகவல் என்பது நுண்ணிய அறைகளில் அடைத்து வைத்த மின்னூட்டம். அந்த மின்னூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், வெப்பம் கூடினால் வேகமாகக் கசியும். இந்தத் துறைக்கு அளவுகோல் வகுக்கும் ஜெடெக் அமைப்பு வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கு விதித்திருப்பதைச் சொல்கிறேன்: எழுதி எழுதித் தேய்ந்து ஆயுள் முடியும் நிலையில், மின்சாரம் இல்லாமல், 30 டிகிரி சூட்டில், ஒரு வருஷம் தகவலைக் காத்தால் போதும். புதியது இதைவிட அதிக நாள் தாங்கும். ஆனாலும் நம் ஊர் சித்திரை வெயிலில் மாடி அறை பீரோ 30 டிகிரியில் நிற்குமா? தினசரி வேலைக்கு எஸ்எஸ்டி அருமையான கருவி. எடுத்து வைத்து மறந்துபோகும் பொருளுக்கு அது சரிப்படாது.

மிச்சம் ஹார்டு டிஸ்க். சுழலும் தட்டு, அசையும் கை, மோட்டார் எல்லாம் உள்ளதால் என்றைக்காவது ஒருநாள் நிற்கத்தான் போகிறது. இருந்தும் வீட்டுக்கு அதைத்தான் சொல்வேன். விலை கட்டுப்படியாகும், எந்தக் கணினியிலும் சொருகலாம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓர் இரவில் நகலெடுத்துவிடலாம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதிது வாங்கி எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பழையதை எறிய வேண்டாம், கூடுதல் நகலாக இருக்கட்டும். ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே கம்பெனி டிஸ்க் இரண்டு வாங்காதீர்கள். ஒரு தொகுதியில் குறை இருந்தால் இரண்டும் சேர்ந்தே படுக்கும்.

பெரிய நிறுவனங்கள் எல்டிஓ என்ற காந்த நாடாவில் வைக்கின்றன. 2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழை ஒன்றால் ஜிமெயில் பயனர்கள் சிலரின் அஞ்சல்கள் மறைந்தபோது, கூகுள் அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்தது நாடாவிலிருந்துதான். நாடா மலிவு, அதைப் படிக்கும் டிரைவ் விலையோ லட்சங்களில். போதாததற்கு எட்டாம் தலைமுறை டிரைவ் பழைய நாடாக்களில் தனக்கு ஒரு தலைமுறை முந்தையதை மட்டும்தான் படிக்கும். வீட்டுக்கு வேண்டாம்.

இணையவழி மேகச் சேமிப்பு (கிளவுட்) ஒரு நகலாக இருக்கலாம், ஒரே நகலாக இருக்கக் கூடாது. ஒரு விதியை மட்டும் நினைவில் வையுங்கள்: இரண்டு வருஷம் யாரும் திறக்காத தனிநபர் கணக்கை, அதில் உள்ள படங்களோடு சேர்த்து நீக்கிவிடலாம் என்று கூகுள் 2023இல் விதி வகுத்து, அந்த டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தியது. கடவுச்சொல் தெரிந்தவர் ஒருவர் மட்டுமே என்றால், அவர் காலமான இரண்டு வருஷத்தில் குடும்பத்தின் படங்களும் போய்விடக்கூடும்.

இங்கே மைக்ரோஃபிலிமையும் சொல்ல வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த தமிழ் நூல்களைக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தொடங்கியபோது, நொறுங்கும் பக்கங்களை மைக்ரோஃபிலிமில்தான் படமெடுத்தார்கள். ஃபிலிம் சுருளைப் படிக்க மென்பொருள் வேண்டாம், விளக்கும் பூதக்கண்ணாடியும் போதும். குளிர்ந்த, ஈரமில்லாத அறையில் நூற்றாண்டுகள் தாங்கும். அந்த அறையை வீட்டில் யார் பராமரிப்பது என்பதுதான் சிக்கல்.

இனி கோப்பு வடிவம். தமிழில் எழுதுகிறவர்களுக்கு மெய்யான இழப்பு நடந்துகொண்டிருப்பது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்பு ஒன்றைச் சாதாரண நோட்பேடில் திறந்து பாருங்கள். ‘தமிழ்’ என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் ஜே, கே, பி, ஓ, அதன் பின்னால் ஓர் அரைப்புள்ளி நிற்கும். கோப்பு கெட்டுப்போகவில்லை. அதில் இருந்ததே அவ்வளவுதான். பாமினி எழுத்துரு ஜே என்ற இடத்தில் ‘த’ வடிவத்தை வரைந்து வைத்திருந்தது, கே இடத்தில் ‘ம’, ஓ இடத்தில் ‘ழ’. திரையில் தமிழ் தெரிந்தது, உள்ளே தமிழ் இல்லை. வானவில், ஸ்ரீலிபி என்று டிடிபி கடைக்குக் கடை வேறு வேறு எழுத்துரு, ஒவ்வொன்றிலும் எழுத்துகள் உட்கார்ந்த இடம் வேறு. எழுத்துருவின் பெயர் தெரியாமல் போனால் அந்தக் கோப்பு ஒரு புதிர்.

யூனிகோடில் அதே சொல் 2980, 2990, 3007, 2996, 3021 என்ற ஐந்து எண்களாகப் பதிவாகிறது. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. இந்த எண்கள் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை, உலகம் முழுதும் ஒன்றுதான். எந்த எழுத்துருவில் திறந்தாலும் தமிழாகவே வரும். 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அச்சகங்கள் நம்பியிருந்த பேஜ்மேக்கர் மென்பொருள் தமிழ் யூனிகோடைக் கையாளாது. தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்ற குறியீடுகளை வகுத்தது, 2010இல்தான் யூனிகோடை ஏற்றது. நடுவில் ஏறக்குறைய இருபது வருஷம், கணக்கற்ற தமிழ்ப் புத்தகங்களும் இதழ்களும் தனித்தனி எழுத்துருக் கோப்புகளாகவே தங்கிவிட்டன.

மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மின்னூல் முயற்சி அது. ஆரம்ப நூல்கள் மயிலை, இணைமதி எழுத்துருக்களில் இருந்தன. பிறகு திஸ்கிக் குறியீட்டுக்கு மாறினார்கள், அதன் பிறகு யூனிகோடுக்கு. அன்று அவர்கள் எந்த வடிவத்தைத் தேர்ந்தார்கள் என்பதைவிட, ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே வந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அந்த நூல்களை இன்று கைப்பேசியில் படிக்க முடிகிறதென்றால் அந்த உழைப்புதான் காரணம்.

உங்கள் சிற்றிதழ்க் கோப்புகளுக்கு இனி அதிக அவகாசம் இல்லை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. இன்டிசைன் மென்பொருளில் அந்தக் கோப்பை நேரடியாகத் திறக்கும் கடைசிப் பதிப்பு 2012இல் வந்த சிஎஸ்6. பழைய அச்சு எழுத்துருக்கள் பலவும் இருந்த டைப் 1 வடிவத்துக்கு அடோபி 2023இல் ஆதரவை நிறுத்திவிட்டது. பேஜ்மேக்கரும் அந்த எழுத்துருக்களும் ஏறிய பழைய கணினி எங்காவது உயிரோடு இருந்தால் முதல் வேலையாக இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, ஒவ்வோர் இதழையும் எழுத்துருக்கள் உள்ளே பதிந்த பிடிஎஃப்பாக எடுங்கள், பக்க அமைப்பு தப்பும். இரண்டாவது, கட்டுரைகளை வெறும் உரையாக வெளியே எடுத்து என்எச்எம் கன்வெர்ட்டர், பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் கொடுத்து யூனிகோடாக்குங்கள். மெய்ப்பு பார்க்காமல் விடாதீர்கள். கட்டுரை நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அந்த மாற்றி தமிழென்று எண்ணிப் பொருளற்ற எழுத்துக் கோவையாக்கிவிடும்.

இரண்டும் ஏன் வேண்டும் என்றால், பாமினியில் செய்த பிடிஎஃப் கண்ணுக்கு அழகாகத் தெரியும், ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ஜேயும் கேயும்தான் வரும். தேட முடியாது, அட்டவணை போட முடியாது. நீண்டகாலப் பாதுகாப்புக்கென்று 2005இல் உலகத் தர நிர்ணயமாக வந்த பிடிஎஃப்/ஏ வகை எழுத்துருவை உள்ளே வைக்கச் சொல்கிறது, கடவுச்சொல் பூட்டைத் தடுக்கிறது. அதிலும் ‘பி’ நிலை தோற்றத்துக்கு மட்டும்தான் பொறுப்பு. 2011இல் சேர்ந்த ‘யு’ நிலை எழுத்துகளுக்கு யூனிகோடு எண் இருக்க வேண்டும் என்கிறது. தமிழுக்கு அதுதான் வேண்டும்.

மற்ற வடிவங்களுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பார்க்கும் சில அளவுகோல்களே எனக்கும் போதும்: அமைப்பு எல்லோருக்கும் வெளிப்படையாக இருக்கிறதா, நிறையப் பேர் பயன்படுத்துகிறார்களா, பூட்டோ காப்புரிமைச் சிக்கலோ உண்டா. ஸ்கேன் செய்த பக்கங்களுக்கு டிஃப். 1992இல் வந்த அதன் ஆறாம் பதிப்புதான் இன்றும் நடப்பில் இருக்கிறது, மாறாமல் இருப்பதே அதன் பலம். கைப்பேசியில் எடுத்த படம் ஜேபெக்காகப் பிறந்திருந்தால் அப்படியே விடுங்கள், டிஃப் ஆக்குவதால் இல்லாத நுணுக்கம் வந்துவிடாது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மூலமாக எண்ணாதீர்கள். வழக்கமாக அனுப்பும் முறையில் அது படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த தேதியும் உள்ளிருந்து போய்விடும். எடுத்தவரிடம் கேட்டு மூலக் கோப்பை வாங்குங்கள். ஒலிக்கு வேவ், இடம் போதாவிட்டால் ஒரு துளியும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக். எம்பி3 கேட்பதற்கு மட்டும் இருக்கட்டும். வீடியோவுக்குக் கேமரா தந்த கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, கூடவே எல்லாக் கருவியிலும் ஓடும் எம்பி4 ஒன்றையும் வையுங்கள்.

நகல் எத்தனை? மூன்று. இரண்டு வீட்டில் வேறு வேறு டிஸ்கில், ஒன்று வேறு ஊரில். வேறு தெரு போதாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தெருத் தெருவாகத் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோமே. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. மறு நகல் இல்லாதவை அவற்றில் இருந்தன, அவை எங்கேயும் இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். ஈழத்து எழுத்துகளை 2005இலிருந்து மின்வடிவில் ஏற்றிவரும் நூலகம் திட்டத்தின் ஒவ்வொரு பக்கமும் அந்த நெருப்புக்குப் பிறகு வந்தது.

நகல் இருந்தால் மட்டும் போதாது, அது மூலத்தைப் போலவே இருக்கிறதா என்று தெரிய வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து புரண்டாலும் கண்ணுக்குத் தெரியாது. கெட்ட கோப்பை நல்லதென்று எண்ணி நல்ல நகலின் மேல் எழுதிவிட்டால் மீள வழியில்லை. இதற்குச் சரிபார்ப்புத் தொகை என்று ஒன்று உண்டு. எஸ்எச்ஏ-256 என்ற கணக்கு எந்தக் கோப்பையும் 64 குறிகள் கொண்ட ஒரு கைரேகையாக மாற்றித் தரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் ரேகை முழுதும் மாறிவிடும். இதைக் கணக்கிடும் இலவச மென்பொருள்கள் நிறைய உண்டு. ஒருமுறை எல்லாக் கோப்புகளுக்கும் எடுத்துப் பட்டியலாக வையுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப எடுத்து ஒப்பிடுங்கள். பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது இதையும் செய்தால் மறக்காது.

பெயர்களை எழுதுவதைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய ஃபோட்டோவின் பின்புறம் பேனாவில் ஊரும் வருஷமும் எழுதியிருப்பார்கள், ஸ்கேன் செய்கிறவர் முன்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டுப் போய்விடுவார். பின்பக்கத்தையும் எடுங்கள். கோப்பின் பெயரில் முதலில் வருஷம், மாதம், நாள், பிறகு இடம். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு சாதாரண உரைக் கோப்பு வைத்து, இடமிருந்து வலம் யார் யார், எந்த விசேஷம், யார் சொன்ன தகவல் என்று தமிழில் எழுதுங்கள். அத்தைக்கும் பெரியம்மாவுக்கும் இப்போது நினைவு இருக்கிறது. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தைக் காட்டிக் கேட்டு எழுதுங்கள். டிஸ்க் வாங்குவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம், இதைத் தள்ள முடியாது. உங்களுக்குப் பிறகு இதையெல்லாம் யார் பார்ப்பது என்றும் ஒருவரிடம் இப்போதே பேசிவைத்து, டிஸ்க் இருக்கும் இடத்தையும் கடவுச்சொல்லையும் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். சிற்றிதழின் ஒரு முழுத் தொகுப்பை ஏற்பார்களா என்று ஆய்வு நூலகங்களிடமும் கேட்டுப் பாருங்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், கேசட்டிலிருந்து. நாடாவில் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரக் காற்றில் கெடும், கடலோர ஊரில் பூஞ்சையும் பிடிக்கும். அதைவிட வேகமாகக் கருவிகள் மறைகின்றன. வீடியோ கேசட் பிளேயர் செய்துவந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய் 2016இலேயே நிறுத்திவிட்டது. நல்ல ஆடியோ டெக்குகள் குறைகின்றன, அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள்.

கேசட்டை எடுத்ததும் முதலில் அதன் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தாழ்களை உடைத்துவிடுங்கள், பிறகு தவறிப்போய் யாரும் அதன்மேல் பதிவு செய்ய முடியாது. சன்னல் வழியாக நாடாவில் வெள்ளைப் பொடி தெரிந்தால் ஓட்டவே வேண்டாம், அது பூஞ்சை, தெரிந்தவரிடம் கொடுத்துத் துடைக்க வேண்டும். சுத்தமாக இருந்தால் ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றிவிட்டுப் பிறகு போடுங்கள், வருஷக்கணக்கில் இறுகிக் கிடந்த நாடா தளரும். டெக்கின் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ். ஒலிக் காப்பகங்களின் உலக அமைப்பு சொல்லும் குறைந்தபட்ச அளவு அதுதான். இரைச்சலை நீக்கும் வித்தை எதுவும் மூலப் பதிவில் வேண்டாம், அப்பா மூச்சு வாங்கும் சத்தத்தையும் இரைச்சல் என்று அது எடுத்துவிடும். கேட்பதற்கு வேண்டுமானால் தனியாக ஒரு நகலில் செய்துகொள்ளலாம்.

டெக் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள். என்னிடம் ஓடுகிற நிலையில் ஒன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறேன்.